கணக்குப்பிள்ளை இல்லாத ஸ்டுடியோ

சினிமா உலகத்தைப் பற்றி இந்தியாவில் எடுக்கப்பட்ட படங்களில் அதிகம் போற்றப்படுவது குரு தத் 1959-ல் இயக்கி நடித்த ‘காகஸ் கே பூல்’. வெளிவந்தபோது ஓடவில்லை. இருபது ஆண்டுகளுக்கு மேல் கழித்து, பிரான்ஸ் போன்ற நாடுகளில் திரையிடப்பட்ட பிறகு, அதன் மதிப்பு ஏறத் தொடங்கியது. இன்று அதைக் குறைசொல்வது அபச்சாரம் போல் ஆகிவிட்டது. திரைத்தொழில் தன் கலைஞர்களை எப்படிச் சக்கையாகப் பிழிந்து தூக்கி எறிகிறது என்று காட்டிய படம், அந்த உண்மையைத் தாங்க முடியாமல்தான் 1959-ன் ரசிகர்கள் ஒதுக்கினார்கள் என்பது வழக்கமான விளக்கம். இந்த விளக்கத்தின் முதல் பாதியே எனக்கு ஏற்புடையதாக இல்லை. ஒளியும் நிழலும் பற்றிய படமாக அது அரிய சாதனை. திரைத்தொழிலைப் பற்றிய படமாக அது ஏமாற்றம் தருகிறது. பம்பாய், பூனா, கல்கத்தா ஸ்டுடியோக்கள் எழுந்து விழுந்த வரலாற்றை அருகில் வைத்துப் பார்த்தால், அந்தத் தொழிலை ஓட்டியதும் கவிழ்த்ததும் எதுவோ அது மட்டும் படத்துக்குள் வராமல் போயிருப்பது தெரியும். அது பணம்.

கதையைச் சுருக்கமாகச் சொல்லலாம். சுரேஷ் சின்ஹா பேர்போன இயக்குநர். வெள்ளைக்கார பாணியில் வாழும் பணக்கார மாமனார் வீட்டுக்குச் சினிமா என்றாலே இளக்காரம். மனைவி அவர்கள் பக்கம், மகள் விடுதிப் பள்ளியில். டெல்லியில் ஒரு மழை இரவில் சாந்தி என்ற பெண்ணுக்குத் தன் கோட்டைக் கொடுக்கிறார். அதைத் திருப்பிக் கொடுக்க ஸ்டுடியோவுக்கு வருகிற அவள் ஓடிக்கொண்டிருக்கும் கேமராவின் குறுக்கே தெரியாமல் நடந்துவிட, ரஷ் போட்டுப் பார்த்த சின்ஹா தன் ‘தேவதாஸ்’ படத்துக்குப் பார்வதி கிடைத்துவிட்டாள் என்று முடிவு செய்கிறார். அவள் நட்சத்திரமாகிறாள். ஊர் வம்பு பேசுகிறது. பள்ளித் தோழிகளின் கேலி தாங்காத மகள் சாந்தியிடம் வந்து விலகிப் போகச் சொல்கிறாள், சாந்தியும் ஒரு கிராமத்துப் பள்ளிக்கு ஆசிரியையாகப் போய்விடுகிறாள். நீதிமன்றம் மகளையும் சின்ஹாவிடமிருந்து பிரிக்கிறது. குடி, தோல்விப் படம், வேலையிழப்பு. ஒப்பந்தத்தைக் காட்டிச் சாந்தியைத் திரும்ப இழுத்து வருகிறது ஸ்டுடியோ. சின்ஹா இயக்கினால்தான் நடிப்பேன் என்கிறாள் அவள். தன்மானம் இடம் கொடுக்காமல் அவர் மறுக்கிறார். கடைசியில் அதே ஸ்டுடியோவில் இயக்குநர் நாற்காலியில் உட்கார்ந்தபடி செத்துக் கிடக்கிறார். ஆக, சின்ஹாவின் வீழ்ச்சிக்குப் படம் சொல்லும் காரணங்கள் குடும்பம், வதந்தி, ரசிகர்களின் நன்றிகெட்டதனம், குடி. தோற்ற படத்துக்குச் செலவு எவ்வளவு, யார் போட்ட பணம், எந்த வட்டிக்கு வாங்கியது, எத்தனை ஏரியா விற்றது, நட்டத்தை யார் சுமந்தார்கள் என்று ஒருவரும் கேட்பதில்லை. அவ்வளவு பெரிய ஸ்டுடியோவில் ஒரு கணக்குப்பிள்ளை இல்லை.

நிஜ ஸ்டுடியோக்கள் கணக்குப் புத்தகத்தோடுதான் பிறந்தன. ஹிமான்ஷு ராய் 1934-ல் தொடங்கிய பாம்பே டாக்கீஸ், பங்கு விற்று முதல் திரட்டிய கம்பெனி. அதன் நிர்வாகக் குழுவில் பம்பாயின் சர் பட்டக்காரர்கள் வரிசையாக அமர்ந்திருந்தார்கள். சினிமாவைக் கண்டு முகம் சுளிக்கும் மேட்டுக்குடி மாமனாரைப் படம் நமக்குக் காட்டுகிறது. அப்படிப்பட்டவர்கள் உண்மையில் இல்லாமலில்லை. ஆனால் அதே வர்க்கத்தில் இன்னொரு பகுதி சினிமாவில் பங்கு வாங்கி லாபப்பங்குக்குக் காத்திருந்தது. 1929-ல் கோலாப்பூரில் வி. சாந்தாராமும் கூட்டாளிகளும் தொடங்கிய பிரபாத் 1933-ல் பூனாவுக்கு இடம் பெயர்ந்தது. அங்கே இயக்குநரே முதலாளிகளில் ஒருவர். கல்கத்தாவில் பி.என். சர்க்கார் 1931-ல் நிறுவிய நியூ தியேட்டர்ஸில் பாடகர் சைகல் உட்பட எல்லோரும் மாதச் சம்பளக்காரர்கள். நடிகர், இசைக்காரர், தச்சர், லேப் ஆள் என அனைவருக்கும் ஒரே வாசல், ஒரே முதல் தேதி. பாம்பே டாக்கீஸின் லேப் உதவியாளர் அசோக் குமார் 1936-ல் ‘ஜீவன் நையா’வின் கதாநாயகன் ஆனது இந்த ஏற்பாட்டுக்குள் நடந்த காரியம். சாந்தி கேமராவின் குறுக்கே நடந்து நட்சத்திரமாவது போலவே நம்ப முடியாத தற்செயலாக அது தெரியலாம். பின்னணி வேறு. அப்படத்தின் கதாநாயகன் நஜ்முல் ஹசனோடு, நாயகியும் ஹிமான்ஷு ராயின் மனைவியுமான தேவிகா ராணி ஊரைவிட்டுப் போய்விட்டார். பாதி எடுத்த படம் கிடப்பில் கிடந்தது. சமரசம் பேசித் தேவிகா ராணியைத் திரும்ப அழைத்துவந்தார்கள். நஜ்முல் ஹசனுக்கு மட்டும் வேலை போயிற்று, அவருடைய இடத்துக்கு லேபிலிருந்து ஒரு பையனைக் கூட்டி வந்தார்கள்.

இந்தச் சம்பவத்தை நான் எடுத்துச் சொல்வதற்குக் காரணம் உண்டு. தனிவாழ்வின் புயல்கள் கலைஞர்களை வீழ்த்தியது உண்மைதானே, படம் அதைத்தானே காட்டுகிறது என்று ஒருவர் கேட்கலாம். புயல் வந்தது உண்மை. அதை ஸ்டுடியோ எப்படி எதிர்கொண்டது என்பதில்தான் தொழில் தெரிகிறது. 1930-களின் மிகப் பெரிய சினிமா வதந்தி ஒன்றை, முடங்கிய முதலை மீட்கும் பிரச்சினையாகவே ஒரு கம்பெனி பார்த்தது. கணவனின் மானம், ஊர்ப்பேச்சு எல்லாம் அதற்குப் பிறகுதான். தேவிகா ராணி நடிக்கும் படம் விலை போகும் என்பதால் மன்னிப்பு அவருக்குக் கிடைத்தது, ஹசனுக்கு மாற்று இருந்ததால் கிடைக்கவில்லை. ‘காகஸ் கே பூல்’ இதற்கு எதிர்த்திசையில் போகிறது. அங்கே வதந்தி நேராக மனங்களில் புகுந்து வேலை செய்கிறது, ஸ்டுடியோ வெறும் பின்புலம். சாந்தியின் ஒப்பந்தம் ஒன்றுதான் விதிவிலக்கு. ஒரு பெண்ணைக் கிராமத்துப் பள்ளிக்கூடத்திலிருந்து காகிதத்தைக் காட்டி இழுத்துவர ஒரு கம்பெனியால் முடிகிறது என்ற அந்த இடத்தில் படம் தொழிலைத் தொட்டுவிடுகிறது. தொட்ட வேகத்தில் கையை எடுத்தும் விடுகிறது. அடுத்த காட்சிக்குள் அது காதலின் தியாகமாக மாறிவிடுகிறது.

ஸ்டுடியோக்கள் ஏன் விழுந்தன? உலகப்போர் ஆண்டுகளில் கச்சா பிலிமுக்குத் தட்டுப்பாடு வந்தது. அரசு படங்களின் நீளத்தைக் குறைத்தது, பிறகு உரிமம் பெற்றவர்களுக்கு மட்டும் பிலிம் என்றது. இன்னொரு பக்கம் போர்க் கொள்முதலிலும் கள்ளச்சந்தையிலும் சேர்ந்த பணம் போக்கிடம் தேடிக்கொண்டிருந்தது. வரிக்கணக்கில் காட்ட முடியாத பணத்துக்கு, ரசீது கேட்காத தொழில் சினிமா. போர் முடிந்து பிலிம் கட்டுப்பாடு போனதும் புதுத் தயாரிப்பாளர்கள் மொய்த்தார்கள். அவர்களுக்குச் சொந்த ஸ்டுடியோ தேவைப்படவில்லை, வாடகைக்கு எடுத்துக்கொள்ளலாம். தேவைப்பட்டது ஒரு நட்சத்திரத்தின் சம்மதம். அதைக் காட்டி விநியோகஸ்தரிடம் ஏரியாவுக்கு இவ்வளவு என்று அட்வான்ஸ் வாங்கலாம், அந்த அட்வான்ஸை வைத்து ஃபைனான்சியரிடம் கடன் வாங்கலாம். மாதச் சம்பளத்துக்கு ஓராண்டு முழுவதும் வேலை செய்த நடிகருக்கு, ஒரு படத்துக்கே அதைவிடப் பலமடங்கு தருகிறேன் என்று ஒருவர் பையில் பணத்தோடு வந்து நின்றால் அவர் எதற்காகப் பழைய வாசலில் காத்திருப்பார்? அதில் ஒரு பகுதி கணக்கில் வரும், ஒரு பகுதி வராது. நட்சத்திரங்கள் போன பிறகு ஸ்டுடியோக்களின் கையில் எஞ்சியது கட்டடமும் சம்பளப் பட்டியலும். சாந்தாராம் 1942-ல் பிரபாத்தைவிட்டு விலகினார். சசதர் முகர்ஜியும் அசோக் குமாரும் பாம்பே டாக்கீஸிலிருந்து பிரிந்து 1943-ல் பிலிமிஸ்தானைத் தொடங்கினார்கள். 1950-களின் நடுவுக்குள் பிரபாத், பாம்பே டாக்கீஸ், நியூ தியேட்டர்ஸ் மூன்றும் கதை முடிந்த கம்பெனிகள்.

இவற்றில் பெரும்பகுதியை எஸ்.கே. பாட்டீல் தலைமையிலான திரைப்பட விசாரணைக் குழு 1951-லேயே எழுதிவைத்தது. தொழிலின் பிடி பழைய தயாரிப்பாளர்களிடமிருந்து நட்சத்திரங்கள், ஃபைனான்சியர்கள், விநியோகஸ்தர்கள் கைக்கு மாறிவிட்டது என்பது அதன் முக்கியமான கண்டறிதல். இங்கே ஒரு நியாயமான தடை எழும். அந்தக் குழுவில் சாந்தாராமும் பி.என். சர்க்காரும் உறுப்பினர்கள், ஒருவர் பிரபாத்தை உருவாக்கியவர், மற்றவர் நியூ தியேட்டர்ஸின் அதிபர். ஸ்டுடியோ முதலாளிகள் உட்கார்ந்து எழுதிய அறிக்கை, ஸ்டுடியோக்களைப் பொற்காலமாகவும் புதியவர்களைக் கொள்ளைக்காரர்களாகவும் காட்டாமல் வேறென்ன செய்யும்? இந்தச் சந்தேகம் சரியானதே. பழைய ஸ்டுடியோவின் சம்பளமுறையில் அடிமைத்தனமும் இருந்தது. புதியவர்களின் குழப்பத்தில் நல்ல படங்களும் பிறந்தன. குரு தத்தே அதற்கு உதாரணம். ஆனாலும் பாரபட்சத்தைக் கழித்துவிட்டுப் பார்த்தாலும் நிகழ்ந்த மாற்றத்தின் வடிவம் மாறுவதில்லை. கடனும் அட்வான்ஸும் நட்சத்திர விலையும் பழைய கட்டுமானத்தை உடைத்தன என்பதை அந்தக் கட்டுமானத்தால் லாபமடைந்தவர்களும் அதன் இடிபாட்டில் லாபமடைந்தவர்களும் மறுக்கவில்லை. கேளிக்கை வரி ஒரு பக்கம் அழுத்தியது. அதை எதிர்த்து 1949 ஜூன் 30 அன்று நாடு முழுவதும் திரையரங்குகளை ஒருநாள் மூடினார்கள். சின்ஹாவின் உலகில் வரி என்ற ஒன்றும் கிடையாது.

ஆனால் குதிரைப் பந்தயம் உண்டு. படத்தில் நகைச்சுவைப் பகுதியைச் சுமப்பவர் ஜானி வாக்கர். சின்ஹாவின் மைத்துனர், பந்தயக் குதிரைப் பிரியர், கால்நடை மருத்துவராக வரும் பெண்ணைக் காதலிப்பவர். பார்வையாளர் கொஞ்சம் மூச்சுவிட வைத்த துணைக்கதை. ஆனால் ரஞ்சித் மூவிடோன் என்ற பெருங்கம்பெனியை நடத்திய சந்துலால் ஷாவின் கதை தெரிந்தவருக்கு இந்த இடத்தில் சிரிப்பு வராது. பங்குச்சந்தையில் வேலை பார்த்துவிட்டுச் சினிமாவுக்கு வந்தவர் அவர். ஒரு காலத்தில் பம்பாயில் அதிகமாகப் படமெடுத்த நிறுவனங்களில் ஒன்று ரஞ்சித். பருத்திச் சூதாட்டத்திலும் குதிரையிலும் விட்ட பணம் அதைக் கரைத்தது. 1975-ல் அவர் இறந்தபோது பழைய செல்வத்தின் சுவடு இல்லை. ஒரு பிரம்மாண்டம் சரிந்து ஒன்றுமில்லாமல் போன கதைக்கு அந்தத் தொழிலிலேயே இவ்வளவு பெரிய மாதிரி இருந்தது. அதன் காரணமோ கேலிக்காட்சியாகப் படத்தின் ஓரத்தில் கிடக்கிறது. நடுவில் நிற்பது, மனைவி பிரிந்த சோகம். சின்ஹாவின் சாயலில் குரு தத்தின் ஆசானும் ‘கிஸ்மத்’ (1943) இயக்குநருமான ஞான் முகர்ஜி இருப்பதாகச் சொல்வார்கள். 1935-ல் ‘தேவதாஸ்’ எடுத்து, நியூ தியேட்டர்ஸைவிட்டு வெளியேறி, குடியில் உடல் கெட்டு 1951-ல் நாற்பத்தெட்டு வயதில் இறந்த பி.சி. பருவாவும் நினைவுக்கு வருகிறார். சின்ஹா எடுக்கும் படம் ‘தேவதாஸ்’ என்பது தற்செயலாக இருக்க முடியாது. இவர்களுடைய துயரத்தைப் படம் எடுத்துக்கொண்டது, சூழலை எடுத்துக்கொள்ளவில்லை.

கலைப்படைப்பிடம் போய் வரவுசெலவு கேட்பதா என்பது வலுவான மறுப்பு. ஒரு மனிதனின் தனிமையைச் சொல்லும் கவிதையில் வட்டிவிகிதத்தைத் தேடுவது ரசனைக்குறைவு என்பார்கள். படத்தின் மிகச் சிறந்த இடங்கள் அவர்கள் பக்கம் இருப்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். ஆளில்லாத ஸ்டுடியோவின் உயரத்திலிருந்து சாய்ந்து இறங்கும் ஒளிக்கற்றைக்குள் குரு தத்தும் சாந்தியாக நடித்த வஹீதா ரஹ்மானும் நிற்க, கீதா தத்தின் குரல் கேட்கும் பாட்டு இந்திய ஒளிப்பதிவின் உச்சங்களில் ஒன்று. வெளியே பெரிய கண்ணாடிகளை வைத்துச் சூரிய வெளிச்சத்தைத் திருப்பி உள்ளே அனுப்பிப் பிடித்தார் ஒளிப்பதிவாளர் வி.கே. மூர்த்தி. அதற்கு ஃபிலிம்ஃபேர் விருது அவருக்குக் கிடைத்தது. ஐம்பது ஆண்டு கழித்துத் தாதாசாகேப் பால்கே விருது பெற்ற முதல் ஒளிப்பதிவாளரும் அவரே. வேலை முடிந்து ஆட்கள் போன தளத்தின் வெறுமை, உத்தரத்தில் தொங்கும் விளக்குகள், தூசி, ஏணி என இவற்றின் வழியாகப் படம் தொழிலை அறிந்திருக்கிறது, வசனம் அறிந்ததைவிட அதிகமாகவே. இருந்தும் அந்த மறுப்பு முழுதாக நிற்காது. தனிமைதான் பொருள் என்றால் சின்ஹா ஓவியராகவோ கவிஞராகவோ இருந்திருக்கலாம். குரு தத்தின் முந்தைய படமான ‘பியாசா’வில் நாயகன் கவிஞராகத்தான் இருந்தார். இங்கே படம் ஸ்டுடியோ வாசலில் தொடங்கி ஸ்டுடியோ நாற்காலியில் முடிகிறது, புகழின் உலகம் காகிதப் பூ என்று தலைப்பிலேயே தீர்ப்புச் சொல்கிறது. தீர்ப்புச் சொல்லத் துணிந்தவரிடம் சாட்சியத்தைக் கேட்கலாம்.

கசப்பான உண்மையைச் சொன்னதால் தோற்றது என்ற வாதத்தை ‘பியாசா’வே உடைக்கிறது. அது 1957-ல் வந்தது. பதிப்பாளரின் பேராசை, சகோதரர்களின் துரோகம், உயிரோடிருக்கும் கவிஞனைச் செத்தவனாக்கிப் புகழும் கூட்டம் என்று அதில் கசப்புக்குப் பஞ்சமில்லை. அதே ரசிகர்கள் அதை ஓடவைத்தார்கள். கவனித்தால், ‘பியாசா’வில் ஒவ்வொரு துரோகத்துக்கும் விலை குறிக்கப்பட்டிருக்கிறது. கவிதைகள் பழைய காகிதக் கடைக்கு எடைக்குப் போகின்றன, இறந்த பிறகு அதே கவிதைகளுக்கு ராயல்டிச் சண்டை நடக்கிறது. உலகம் அவனை ஏன் அப்படி நடத்துகிறது என்று பார்ப்பவருக்குப் புரிகிறது. சின்ஹாவிடம் அந்தப் புரிதலுக்கு வழியில்லை. தானாகக் குடித்து, தானாக மறுத்து, தானாக விழும் மனிதருக்காகத் திரையரங்கு எவ்வளவு நேரம் அழும்? வெளிக்காரணமும் உண்டு. இந்தியாவின் முதல் சினிமாஸ்கோப் படம் அது. நெருக்கிப் பிடித்த பிம்பத்தை விரித்துக்காட்டத் திரையரங்கிலும் தனி லென்ஸ் வேண்டும், அகலமான திரை வேண்டும். அது எல்லா ஊர்க் கொட்டகைக்கும் ஆகிற காரியமல்ல. திரைத்தொழிலின் பணக்கணக்கைக் கண்டுகொள்ளாத படத்தை அதே பணக்கணக்கும் சேர்ந்து பாதித்தது விசித்திரம்தான்.

அன்றைய நிலையில் வேறு எப்படி எடுத்திருக்க முடியும், தன்னுடைய விநியோகஸ்தரையும் ஃபைனான்சியரையும் பகைத்துக்கொண்டா என்றும் கேட்கலாம். இதில் பாதி நியாயம் இருக்கிறது. கறுப்புப் பணத்தைப் பற்றிய படத்துக்குக் கறுப்புப் பணம் கடன் தராது. ஆனால் பணத்தைக் காட்ட அதைத் தோலுரிக்க வேண்டியதில்லை, அது செய்யும் வேலையைக் காட்டினால் போதும். ஜெமினி ஸ்டுடியோவில் பதினான்கு ஆண்டு பணியாற்றிய அசோகமித்திரன் 1960-களின் பிற்பகுதியில் எழுதிய ‘கரைந்த நிழல்கள்’ நாவல் இதைத்தான் செய்தது. அதில் மேதை இயக்குநர் இல்லை. வண்டி அனுப்பி ஆட்களைத் திரட்டும் தயாரிப்பு நிர்வாகி நடராஜன் இருக்கிறார். கால்ஷீட் கொடுத்துவிட்டு வராத நாயகியின் வீட்டுக்கே போய் நிற்கும் தயாரிப்பாளர் ரெட்டியார் இருக்கிறார். ஒரு படம் நின்றுபோனால் அதற்குக் கீழே இருந்த ஒவ்வொருவரும் எவ்வளவு தூரம் சரிகிறார்கள் என்று குரல் உயர்த்தாமல் சொல்கிற புத்தகம். திரையிலும் உதாரணம் உண்டு. பிரபாத்திலும் பாம்பே டாக்கீஸிலும் நடித்த ஹன்சா வாட்கரின் மராத்தித் தன்வரலாற்றிலிருந்து ஷியாம் பெனகல் 1977-ல் ‘பூமிகா’வை எடுத்தார். சின்ஹா வாழ்ந்ததாகச் சொல்லப்படும் அதே காலம், அதே ஸ்டுடியோ உலகம். அதில் நடிகையின் கணவன் அவளுடைய சம்பளத்தை நம்பி வாழ்கிறான். வீட்டுச் சண்டை ஒவ்வொன்றிலும் பணம் இருக்கிறது. வாழ்வும் தொழிலும் எங்கே ஒன்றையொன்று கடிக்கின்றன என்பது தெரிகிறது. பெனகலுக்குக் காலத்தின் தூரம் உதவியது என்பதை மறுக்கவில்லை. குரு தத்துக்கு அந்தத் தூரம் இல்லை. 1944-ல் பிரபாத்தில் வேலைக்குச் சேர்ந்தவர் அவர். சாந்தாராம் போன பின்பு அந்தக் கம்பெனி தேய்ந்ததை உள்ளிருந்து பார்த்தவர். பிறகு, பிரபாத்தை வீழ்த்திய சுதந்திரத் தயாரிப்பு முறையிலேயே சொந்தக் கம்பெனி வைத்து ஜெயித்தவர். இடிந்த வீட்டுக்காக அழுதவரும் அதன் செங்கல்லில் கட்டிக்கொண்டவரும் ஒரே ஆள். அந்த முரணை அவர் எடுத்திருந்தால் அதற்கு நிகரான படம் இந்தியில் இருந்திருக்காது.

சின்ஹாவைப் போல் அவர் நடந்துகொள்ளவுமில்லை. படம் தோற்றதும் மறுபடி தன் பெயரில் எதையும் இயக்கவில்லை என்பது உண்மை. அவர் 1964 அக்டோபரில் முப்பத்தொன்பது வயதில் இறந்ததால், ‘காகஸ் கே பூல்’ ஒரு முன்னறிவிப்பு என்றே பிறகு வாசிக்கப்பட்டது. இடையில் இருக்கும் ஐந்து ஆண்டுகளை அந்த வாசிப்பு தாண்டிவிடுகிறது. ஸ்டுடியோ தந்த வாய்ப்பைச் சின்ஹா தன்மானத்தால் மறுத்தார். குரு தத்தோ நட்டத்தை ஈடுகட்ட விலைபோகும் கதை எது என்று பார்த்தார். லக்னோ பின்னணியில் ஒரு முஸ்லிம் குடும்பக் கதையைத் தேர்ந்தெடுத்தார். அந்த வகைப் படங்களில் தேர்ந்த எம். சாதிக்கை இயக்க அமர்த்தினார், ரவியை இசையமைக்க வைத்தார், தானும் வஹீதா ரஹ்மானும் நடிக்க 1960-ல் ‘சௌதவீன் கா சாந்த்’தை வெளியிட்டார். அது நன்றாக ஓடிக் கம்பெனியை நிமிர்த்தியது. 1962-ல் ‘சாகிப் பீபி அவுர் குலாம்’ எடுக்கத் தெம்பும் தந்தது. கறுப்பு வெள்ளையில் எடுத்திருந்த ‘சௌதவீன் கா சாந்த்’தின் தலைப்புப் பாடலை வண்ணத்தில் திரும்ப எடுத்துச் சேர்த்துப் படத்தை மறுபடியும் ஓட்டினார்கள்.